அந்தத் தம்பிக்கு அன்று மூன்று புள்ளிதான்

ஒரு கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றி எழுதப்போகிறேன். கோப்பைக்கான ஆட்டம் கிடையாது. நடுவர் கிடையாது. பார்வையாளர்கள் என்றால், அடுத்த ஆட்டத்துக்காகச் சுற்றுச்சுவர்மேல் உட்கார்ந்து காத்திருந்த நாங்கள் சிலர்தான். சென்னையில் எங்கள் பகுதி மாநகராட்சித் திடலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் சாதாரண ஆட்டம். அதில் ஓர் அக்கா ஒரு கல்லூரித் தம்பியைத் தடுத்து ஆடியதை ஆரம்பம் முதல் கடைசிவரை பார்த்தேன். திரையில் எத்தனையோ பெரிய ஆட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் 'டிஃபென்ஸ்' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த ஆட்டம்தான்.

இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. அன்று அக்கா ஒரு கூடைகூடப் போடவில்லை. பந்தைப் பறித்துக்கொண்டு ஓடவில்லை. யாருடைய ஷாட்டையும் அந்தரத்தில் அடித்துத் தள்ளவில்லை. ஸ்கோரை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களுக்கு அக்கா ஆடினார் என்பதே தெரிந்திருக்காது. ஆனால் அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது அவர்தான். அது பார்த்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். பார்த்தவர்கள் சொல்லாவிட்டால் அப்படி ஒன்று நடந்ததற்கே அடையாளம் இல்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அது தேவைப்படும். சிமென்ட் கோர்ட். கோடுகள் பாதி அழிந்திருக்கும். மூன்று புள்ளிக் கோடு எந்த வளைவில் போகிறது என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும். ரிங்கில் வலை நிலைப்பதில்லை. இரண்டு ரிங்கில் வடக்குப் பக்கம் இருப்பதுதான் உருப்படியாக இருக்கிறது. அதனால் எல்லோரும் அந்தப் பாதியிலேயே ஆடுவோம். பக்கத்துக்கு நாலு பேர். கோட்டுக்கு உள்ளேயிருந்து போட்டால் ஒன்று, வெளியேயிருந்து போட்டால் இரண்டு. பந்து கை மாறினால் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் 'க்ளியர்' பண்ணிவிட்டுத்தான் திரும்ப உள்ளே வரவேண்டும். முதலில் பதினைந்தைத் தொட்டவர்கள் ஜெயித்தவர்கள். ஜெயித்த அணி கோர்ட்டிலேயே நிற்கும், தோற்ற அணி இறங்கும், காத்திருக்கும் நாலு பேர் ஏறுவார்கள். விடிந்ததும் தொடங்கினால் சிமென்ட் சுட ஆரம்பிக்கும்வரை இப்படியே போகும்.

இந்தத் திடல்களுக்கு வருகிறவர்கள் பலவிதம். பள்ளிப் பையன்கள், ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், கல்லூரி அணிகளில் ஆடுகிற பிள்ளைகள். இவர்களோடு இன்னொரு கூட்டமும் வரும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ சுங்கத்துறையிலோ வேலைக்குப் போய், அந்தத் துறையின் அணிக்காகப் பல வருடம் ஆடி முடித்தவர்கள். வார நாட்களில் கவுன்டருக்குப் பின்னால் இருப்பார்கள். ஞாயிறு காலையில் ஷூவைக் கட்டிக்கொண்டு இறங்கினால், அந்த உடம்புக்குள் எத்தனை வருடப் பயிற்சி இருக்கிறது என்று புரியும்.

அக்கா அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். நாற்பதைத் தாண்டியவர். ஐந்தடி ஐந்து அங்குலம் இருப்பார். இடது முட்டியில் எப்போதும் கறுப்பு நீ-கேப். பள்ளி வயதில் சின்ன ஊரிலிருந்து விளையாட்டு விடுதிக்கு வந்து, மாநில அளவில் ஆடி, ஆட்டத்தாலேயே வேலைக்குப் போனவர். தமிழ்நாட்டில் பெண்கள் கூடைப்பந்துக்கு நல்ல வேர் உண்டு. சென்னையிலிருந்து போய் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரைக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பெயர் செய்தித்தாளில் வந்தது. அந்த வேரிலிருந்து வளர்ந்து, பெயர் எங்கும் வராமல், இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் எங்கள் அக்கா.

அன்று விடிந்ததிலிருந்து ஒரே அணிதான் கோர்ட்டில் நின்றது. காரணம் அந்தத் தம்பி. கல்லூரி அணியில் ஆடுகிறவன். உயரம் ஒன்றும் அசாத்தியம் இல்லை, ஐந்தடி பத்து இருக்கும். ஆனால் முதல் அடி மின்னல். வலது பக்கம் ஒரே ஒரு முறை பந்தைத் தட்டுவான், அதிலேயே ஆளைத் தாண்டிவிடுவான். தாண்ட இடம் இல்லையென்றால் அந்த ஒரு தட்டோடு நின்று எம்பிப் போட்டுவிடுவான். முந்தைய ஆட்டத்தில் அவர்கள் எடுத்த பதினைந்தில் ஒன்பது அவனுடையது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தும் அடங்கவில்லை.

அந்த நேரமெல்லாம் அக்கா சுவர்மேல் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். நாங்கள் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தோம். அவர் பேசவில்லை. கண் அந்தத் தம்பியின் இடுப்பிலேயே இருந்தது. அவர் ஆட்டம் அப்போதே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவருடைய முறை வந்ததும் இறங்கினார். தன் அணியில் இருந்த மூன்று பேரிடமும் ஒரே வாக்கியம் சொன்னார்: "அவனை நான் பிடிச்சுக்கறேன். நீங்க மத்த மூணு பேரைப் பாத்துக்குங்க."

முதல் இரண்டு முறை தம்பி கொஞ்சம் தயங்கித்தான் ஆடினான். எதிரே அம்மா வயதை நெருங்கும் ஒருவர் நிற்கிறார், இடித்துவிடக் கூடாது என்ற மரியாதை முகத்தில் தெரிந்தது. அந்தத் தயக்கத்தை அக்காவே போக்கினார். "தம்பி, எப்பவும் ஆடற மாதிரி ஆடு. எனக்காக மெதுவா வராதே" என்று சொல்லிவிட்டு, அடுத்த பந்திலேயே அவனுக்கு முன்னால் போய் நின்றார்.

அவர் நின்ற விதத்தைச் சொல்ல வேண்டும். பந்து இன்னும் அவன் கைக்கு வரவே இல்லை. அது எதிர்ப்பக்கம் வேறொருவனிடம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் அப்போது ஆளுக்கும் ரிங்குக்கும் நடுவில் நின்று, பந்து வரட்டும் என்று காத்திருப்போம். அக்கா அப்படி நிற்கவில்லை. பந்து அவனுக்கு வரக்கூடிய வழியில் ஒரு கையை நீட்டி, ஒரு கண்ணில் அவனையும் ஒரு கண்ணில் பந்தையும் வைத்துக்கொண்டு பக்கவாட்டாக நின்றார். பயிற்சியாளர்கள் இதை 'டினை' என்பார்கள், பந்தையே மறுப்பது. அவன் மேலே ஏறினால் அவரும் ஏறினார். இறங்கினால் இறங்கினார். எரிச்சலில் அவன் திடீரென்று அவர் முதுகுப் பக்கமாக ரிங்கை நோக்கி வெட்டி ஓடினான். டினை பண்ணுகிறவரை ஏமாற்றுவதற்கு இதுதான் வழி, எல்லோரும் செய்வது. அக்கா தலையை மட்டும் சட்டென்று திருப்பி, மற்றக் கையை வழியில் போட்டார். வந்த பந்து விரல் நுனியில் பட்டுத் திசை மாறி, அவர் அணியில் இருந்த பேங்க் அண்ணன் கையில் போய் உட்கார்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் பட்டது பந்தைப் பிடித்த பேங்க் அண்ணன்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

நம் ஊர் கபடியில் பிடிக்கிறவருக்குப் புள்ளி உண்டு. ரெய்டு வந்தவரை மடக்கினால் கைமேல் பலன். கூடைப்பந்து அப்படி இல்லை. தடுக்கிறவருக்கு ஸ்கோரில் இடமே கிடையாது. சரி, புள்ளிவிவரத்திலாவது இடம் இருக்கிறதா என்று பார்த்தால், உலகத்தின் மிகப் பெரிய தொழில்முறைப் போட்டியான அமெரிக்காவின் என்.பி.ஏ.வில்கூட, பந்தைப் பறிப்பதையும் ஷாட்டைத் தடுப்பதையும் அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்ததே 1973–74 பருவத்தில்தான். அதற்கு முன்னால் ஆடியவர் பில் ரஸ்ஸல். பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 பருவங்கள் ஆடி 11 முறை சாம்பியன் ஆனவர். தடுப்பாட்டத்தில் அவரைப் போல் வேறொருவர் இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர் தன் வாழ்நாளில் எத்தனை ஷாட்டைத் தடுத்தார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கு ஒன்றுமே இல்லை. 1969-இல் அவர் ஓய்வு பெற்றுவிட்டார், எண்ணுவது அதற்குப் பிறகு வந்தது. அதைவிட அழகு, ரஸ்ஸல் தடுக்கும் விதம். பந்தைக் கூட்டத்துக்குள் பறக்க அடித்துக் கைதட்டல் வாங்க மாட்டார். மெல்லத் தட்டித் தன் அணிக்காரர் கையில் விழச் செய்வார். தடுத்த பந்து தங்களுக்கே கிடைத்தால்தானே தடுத்ததற்குப் பயன்.

எண்ண ஆரம்பித்த பிறகும் பெரும்பகுதி எண்ணிக்கைக்கு வெளியேதான் இருந்தது. 2009-இல் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் மைக்கேல் லூயிஸ் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை, ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியில் ஆடிய ஷேன் பேட்டியர் என்பவரைப் பற்றியது. புள்ளிவிவரப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. ஆனால் அவர் கோர்ட்டில் இருக்கும்போது அவருடைய அணி நன்றாக ஆடும், எதிரணி மோசமாக ஆடும். எதிராளி எந்தப் பக்கம் போனால் குறைவாகப் போடுவார், எந்தத் தூரத்திலிருந்து தவறவிடுவார் என்பதையெல்லாம் முன்கூட்டியே படித்துவிட்டு, அவரை அந்த இடத்துக்கே ஓட்டிக்கொண்டு போவார். நட்சத்திர ஆட்டக்காரர் கோபி ப்ரையன்ட் எம்பும்போது பந்தைத் தொட முயல மாட்டார். கண்ணுக்கு முன்னால் கையை மட்டும் வைப்பார். அவ்வளவுதான். அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தக் கட்டுரையை எப்போதோ படித்திருந்தேன். அது சொல்வது என்ன என்று எனக்கு உடம்பில் புரிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

ஆட்டத்துக்கு வருகிறேன். டினை பண்ணிக்கொண்டே முழு ஆட்டத்தையும் ஓட்ட முடியாது. நாலு பேர் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்தால் எப்படியும் ஒரு கட்டத்தில் அவன் கைக்கு வந்துவிடும். அப்படி வந்தபோதெல்லாம் அக்கா செய்தது வேறு. ஒரு கை தூரம் தள்ளி, முழங்காலை நன்றாக மடக்கி, அவனுடைய வலது பக்கத்தை அடைத்து நின்றார். நேருக்கு நேராக நிற்கவில்லை, பாதி உடம்பு வலது பக்கம் நகர்ந்திருந்தது. வலது கதவு சாத்தியிருக்கிறது, இடது கதவு திறந்திருக்கிறது, போகிறாயா என்று கேட்பது போன்ற நிலை. அவனும் போனான். இடது பக்கம் அவனுக்கு அவ்வளவு பலம் இல்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்குச் சிறிது நேரம் கழித்துத்தான் புரிந்தது.

ரிங் வடக்கே இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? வடக்கைப் பார்த்து ஆடுகிறவனுக்கு இடது பக்கம் மேற்கு. மேற்கு ஓரத்திலிருந்து ரிங்கைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே பார்க்க வேண்டும். காலை ஏழரை மணிச் சூரியன் சரியாகக் கண்ணில் அடிக்கும். வேறு யாரும் அந்தப் பக்கமிருந்து விரும்பிப் போடுவதில்லை. வழக்கமாக வருகிற நாங்கள் எல்லோருமே அதைத் தவிர்ப்போம். அந்தத் தவிர்ப்பைத் தடுப்பாட்டமாக மாற்றலாம் என்பது எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அக்கா அவனைத் திரும்பத் திரும்ப அந்த ஓரத்துக்கே அனுப்பினார். அங்கே போய் எம்பிய தம்பி இரண்டு முறை தவறவிட்டான். மூன்றாவது முறை போடாமலே பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். போடாமல் விட்ட அந்த ஷாட்டை எந்தப் பட்டியலில் எழுதுவது?

காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கால் ஒன்றையொன்று தாண்டவே இல்லை. நண்டு நகர்வதைப் போல் பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருந்தார். நாம் பதற்றத்தில் காலைக் குறுக்கே போட்டு ஓடுவோம். எதிராளி அந்த நொடியில் திசை மாற்றினால் அவ்வளவுதான், தடுமாறிவிடுவோம். பிறகு ஒருநாள் இதைப் பற்றிக் கேட்டபோது அக்கா சொன்னார்: "விடுதியில எங்க மாஸ்டர் கையைப் பின்னால கட்டிக்கிட்டுதான் டிஃபென்ஸ் ஆட விடுவாரு. கை இல்லேன்னா காலுதானே போகணும்? ரெண்டு மாசம் அப்படியே. பந்தைப் பாத்தா ஏமாத்துவான், கண்ணைப் பாத்தா ஏமாத்துவான், தோளைப் பாத்தாலும் ஏமாத்துவான். இடுப்பை மட்டும் யாராலயும் பொய் சொல்ல வைக்க முடியாது." சுவர்மேல் உட்கார்ந்திருந்தபோது அவர் கண் ஏன் அங்கே இருந்தது என்பது அப்போது விளங்கியது.

எதிரணி சும்மா இருக்கவில்லை. அவர்களில் உயரமான பையன் ஒருவன் அக்காவின் பாதையில் வந்து சிலைபோல் நின்றான். ஸ்க்ரீன். அவன்மேல் அக்கா முட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் தம்பி தப்பித்துவிடலாம். நியாயமான உத்தி, கூடைப்பந்தில் பாதித் தாக்குதல் இதை வைத்துத்தான். இதற்கு அக்காவிடம் இருந்த ஆயுதம் குரல். அவருடைய அணிக்காரர்கள் "ஸ்க்ரீன் வலது பக்கம்" என்று முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள், ஏனென்றால் அவர்தான் முதல் பந்திலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். "பந்து இங்க." "பின்னால ஒருத்தன் வெட்டறான்." "நான் இருக்கேன், நீ ஏறிப் பிடி." "ஷாட்!" சாதாரணமாகத் திடல் ஆட்டங்களில் தாக்கும்போதுதான் எல்லோரும் கத்துவார்கள், "பாஸ், பாஸ்" என்று. தடுக்கும்போது மௌனம். அன்று அது தலைகீழாக இருந்தது. சொல்லக் கேட்டதும் அக்கா ஸ்க்ரீன் வைத்தவனுக்கும் தம்பிக்கும் நடுவில் முதலில் ஒரு காலை நுழைப்பார், அதன் பின்னால் உடம்பு போகும். மறுபக்கம் தம்பி நிமிரும்போது அவர் ஏற்கெனவே அங்கே இருப்பார். ஐந்து நிமிடத்தில் அந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நகர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் நன்றாகத் தடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் தடுக்க ஆசை வரும். அதைக் கண்ணால் பார்த்தேன்.

நேரத்தைப் பற்றி ஒன்று. முறையான ஆட்டத்தில் தாக்கும் அணி 24 நொடிக்குள் ஷாட் போட வேண்டும். மூவர் கூடைப்பந்தில் 12 நொடிதான். என்.பி.ஏ.வில் 24 நொடி விதி 1954-இல் வந்தது. அதற்கு முன்னால் ஓர் அணி முன்னிலை பெற்றுவிட்டால் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். 1950-இல் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ், மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்ற ஆட்டம் அந்தக் காலத்தின் சாட்சி. ஆட்டத்தை விறுவிறுப்பாக்க வந்த கடிகாரம் தடுக்கிறவருக்கும் ஒரு பெரிய உதவி: 24 நொடி தாங்கினால் போதும், பந்து நம்முடையது. எங்கள் திடலில் கடிகாரம் இல்லை. அவர்கள் விரும்பினால் ஒரு நிமிடம்கூடப் பந்தைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம், இருந்தார்கள். அத்தனை நேரமும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட முட்டி மடங்கியே இருக்க வேண்டும். இருந்தது.

நடுவர் இல்லாத ஆட்டத்தில் தடுப்பாட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். ஃபவுலைத் தாக்குகிறவரே கேட்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கேட்டால் கொடுத்துவிடுவோம். ஆனால் கேட்டதும் வாக்குவாதம் வரும். 'எங்கே பட்டது', 'பந்தைத்தான் தொட்டேன்' என்று. பல ஞாயிற்றுக்கிழமைகள் இதிலேயே கசந்திருக்கின்றன. தடுக்கிறவர் கையை வெட்டிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடுவது சுலபம். அன்று தம்பி ஒரு முறை உள்ளே நுழைந்து எம்பும்போது பந்து நழுவிவிட்டது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. அக்காதான் கையை உயர்த்தினார். "மணிக்கட்டுல பட்டுச்சுடா. பந்து உங்களுது." இன்னொரு முறையும் அப்படித்தான். அதற்கப்புறம் அந்த ஆட்டத்தில் ஒரு வாக்குவாதம்கூட இல்லை. அவர் தொடவில்லை என்றால் தொடவில்லை. ஒரு முறை தம்பி வேகமாக வந்து, அவர் சரியாக வழியில் நிற்பதைப் பார்த்துத் தடுமாறி நின்றபோது பின்கால் இழுபட்டது, அது விதிமீறல். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே "டிராவல்க்கா" என்று அவனே சொல்லிப் பந்தைக் கொடுத்தான். நேர்மையாகத் தடுத்தால் எதிராளியும் நேர்மையாக ஆடுவான். விசில் இல்லாத இடத்தில் டிஃபென்ஸ் என்பது பாதி காலில் இருக்கிறது, பாதி மனசாட்சியில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

ஷாட் போன பிறகும் அவர் வேலை முடியவில்லை. பந்து அந்தரத்தில் இருக்கும்போது எல்லோர் கண்ணும் மேலே. அக்கா மட்டும் திரும்பித் தம்பியைத் தேடுவார். முதுகை அவன்மேல் கொடுத்து, இடுப்பைத் தாழ்த்தி, அவனை ரிங்குக்கு வெளியே வைத்துக்கொள்வார். பாக்ஸ் அவுட். ரீபவுண்டைப் பேங்க் அண்ணனோ, கண்ணாடி போட்ட ஐ.டி. பையனோ எடுப்பார்கள். அக்கா எடுத்த ரீபவுண்ட் அன்று எனக்கு நினைவில் இல்லை. அவர்கள் நிம்மதியாக எடுத்ததெல்லாம் நினைவிருக்கிறது.

தம்பியின் மூன்று புள்ளியையும் சொல்லிவிடுகிறேன், அவனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஒன்று, தவறிய பந்து நேராக அவன் கைக்கே துள்ளி வந்து போட்டது. மற்ற இரண்டு ஒரே ஷாட்: கோட்டுக்கு நல்ல தூரம் வெளியே, அக்காவின் கை முகத்துக்கு முன்னால் இருக்க, பின்னால் சாய்ந்துகொண்டே போட்டான். உள்ளே விழுந்தது. "நல்ல ஷாட்" என்றார் அக்கா. மனசாரச் சொன்னார். தடுக்கிறவரால் முடிவது கடினமான ஷாட்டைப் போட வைப்பது. அதையும் ஒருவன் போட்டுவிட்டால் பாராட்டத்தான் வேண்டும்.

மீதிப் பத்துப் புள்ளியை எதிரணியின் மற்ற மூன்று பேரும் சேர்ந்து எடுத்திருந்தார்கள். ஆட்டம் 14–13. அக்காவின் அணி ஒரு புள்ளி முன்னால். பந்து எதிரணியிடம். வெளியேயிருந்து ஒன்று விழுந்தால் இரண்டு, ஆட்டம் முடிந்துவிடும். யார் போடுவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஸ்க்ரீன் வந்தது. அக்கா அதைத் தாண்டி வந்தார். தம்பி கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்றான். வலது தோளை ஆட்டினான், அக்கா அசையவில்லை. இடது பக்கம் ஒரு அடி எடுத்து வைத்துத் திரும்ப வலது பக்கம் பாய்ந்தான். அந்த ஒரே ஒரு தட்டு. பந்து சிமென்ட்டில் பட்டு அவன் கைக்குத் திரும்பி வருவதற்குள் அக்கா அங்கே இருந்தார். அவன் எம்புவதற்கு முழங்காலை மடக்கியபோது அவர் கை ஏற்கெனவே அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அவர் எம்பவில்லை. எம்பியிருந்தால் அவன் ஏமாற்றி உள்ளே போயிருப்பான். தரையிலேயே நின்றார், கை மட்டும் மேலே. அவனுக்குப் போட இடம் இல்லை. அரை நொடி யோசித்தான். பிறகு ஓரத்தில் தனியாக நின்ற நண்பனுக்குக் கொடுத்தான். சரியான முடிவுதான். மேற்கு ஓரம். அந்தப் பையன் வெயிலைப் பார்த்துப் போட்டான். ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. அக்கா தம்பியை முதுகில் வைத்துக்கொண்டிருந்தார். பேங்க் அண்ணன் பந்தை எடுத்து வெளியே கொண்டுபோய் க்ளியர் பண்ணினார். ஐ.டி. பையன் உள்ளே வெட்டி ஓடினான், பந்து போனது, லே-அப். 15–13.

கைதட்டல் லே-அப் போட்ட பையனுக்குக் கிடைத்தது. அவன் அதற்குத் தகுதியானவன்தான். ஆனால் தம்பி நேராக அக்காவிடம் வந்தான்.

"அக்கா, எப்படிக்கா? நான் எங்க போறேன்னு எனக்கே தெரியாது, உங்களுக்குத் தெரியுது."

"உனக்குத் தெரியாது, உன் பழக்கத்துக்குத் தெரியும்ல? நீ போடறதுக்கு முன்னாடி எப்பவும் வலது பக்கம் ஒரு தட்டு தட்டற. போன ரெண்டு ஆட்டமா பாத்துட்டுதான் இருந்தேன். ஒண்ணு அந்தத் தட்டை விடு, இல்லேன்னா இடது பக்கமும் அதே மாதிரி கத்துக்கோ. கத்துக்கிட்டா என்னால உன்னைப் பிடிக்க முடியாது."

தன்னை எப்படித் தோற்கடிக்கலாம் என்பதை அவனுக்கு அவரே சொல்லிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தம்பி மேற்கு ஓரத்தில் தனியாக நின்று இடது கையால் தட்டித் தட்டிப் போட்டுப் பழகுவதைப் பார்த்தோம். இன்னொன்றும் நடந்தது. எதிரணியில் யார் நன்றாகப் போடுகிறார்களோ அவர்களை "நான் பிடிச்சுக்கறேன்" என்று அவன் கேட்டு வாங்க ஆரம்பித்தான்.

இந்த ஆட்டத்தின் தொடக்கத்துக்கே ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். கூடைப்பந்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உருவாக்கினார். பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடிய அந்த முதல் ஆட்டத்தின் ஸ்கோர் 1–0. மொத்தமே ஒரு கூடை. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். அந்த வழியாக இந்த விளையாட்டுக்கும் நம் ஊருக்கும் நூறாண்டு கடந்த உறவு இருக்கிறது. அந்த முதல் ஆட்டத்தில் ஒரே கூடையைப் போட்டவர் பெயர் வில்லியம் சேஸ் என்று வரலாறு குறித்து வைத்திருக்கிறது. மற்ற எல்லாக் கூடைகளும் விழாமல் பார்த்துக்கொண்டவர் யார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். நீங்கள் எங்காவது கூடைப்பந்து பார்க்க நேர்ந்தால், பள்ளி மைதானமானாலும் சரி, தெருமுனைத் திடலானாலும் சரி, ஐந்து நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள். ஓர் அணியின் சிறந்த ஆட்டக்காரரை யார் பிடித்திருக்கிறார்களோ அவரை மட்டும் பாருங்கள். கால் குறுக்கே போகிறதா, வாய் பேசுகிறதா, எந்தப் பக்கத்தை அடைத்து நிற்கிறார், ஷாட் போனதும் எங்கே திரும்புகிறார் என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அவரிடம் போய், நீங்கள் பார்த்தது என்ன என்று சொல்லுங்கள். அதை அவரிடம் சொல்வதற்கு வேறு யாரும் வர மாட்டார்கள்.